எட்டு வருஷக் கணக்கும் மூன்று வருஷ டிஸ்க்கும்

ஒரு கம்பெனி தன் கணக்குப் புத்தகங்களையும் அவற்றுக்கு ஆதாரமான வவுச்சர்களையும் எட்டு நிதியாண்டுகளுக்குக் குறையாமல் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் தன் 128ஆம் பிரிவில் விதித்திருக்கிறது, ஜி.எஸ்.டி. சட்டமோ, வருடாந்தர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் என்று தன் பங்குக்கு ஒரு கெடு வைத்திருக்கிறது. பேரேடுகள் பீரோவில் அடுக்கப்பட்டிருந்த காலத்தில் இந்தக் கெடுக்களைக் கண்டு யாரும் கவலைப்பட்டதில்லை. கரையானும் மழையும் தவிர அவற்றுக்குச் சத்துருக்கள் இல்லை. இன்றைக்கு அதே கணக்குகள் மேஜைக்கடியில் முனகிக்கொண்டிருக்கும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வாசம் செய்கின்றன. அந்த ஹார்ட் டிஸ்க்கைச் செய்தவரே மூன்று வருஷத்துக்கு, மிஞ்சிப்போனால் ஐந்து வருஷத்துக்குமேல் உத்தரவாதம் தரச் சம்மதிப்பதில்லை. எட்டு வருஷம் நிற்க வேண்டிய பொருளை மூன்று வருஷ வாரண்டியுள்ள யந்திரத்தின் தலையில் ஏற்றிவிட்டு, நல்ல பிராண்டாகப் பார்த்து வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்குகிற காரியாலயங்கள் நம்மிடையே ஏராளம்.

கணக்கின் சட்டபூர்வமான ஆயுள் முடிவதற்குள் அதைச் சுமக்கும் டிஸ்க் ஒரு தடவையாவது மாறியே தீரும் என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டால், எந்தப் பெட்டியை வாங்குவது, எந்த டிஸ்க்கைப் போடுவது என்ற கேள்விகளெல்லாம் வேறொரு ரூபம் எடுத்துக்கொள்கின்றன. சாகாத டிஸ்க் எது என்று கடைக்காரரைக் கேட்பதில் பிரயோஜனமில்லை. ஒரு டிஸ்க் செத்த மறுநாள் காலை பத்து மணிக்கு ஆபீஸ் வழக்கம்போல் நடக்குமா என்பதே நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயம். பத்துப் பேர் வேலை செய்யும் ஓர் ஆடிட்டர் ஆபீஸை மனத்தில் வைத்துக்கொண்டு இதை யோசிப்போம். வக்கீல் ஆபீஸுக்கும், சிறிய அச்சகத்துக்கும், கட்டட எஞ்சினியரின் காரியாலயத்துக்கும் இந்த யோசனை ஏறக்குறைய அப்படியே பொருந்தும்.

டிஸ்க் ஏன் சாகிறது என்பதை முதலில் பார்ப்போம். ஹார்ட் டிஸ்க் 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். ஸ்தாபனத்தின் கலிபோர்னியா பரிசோதனைச் சாலையிலிருந்து புறப்பட்டது. இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தகடுகளைக் கோத்த அந்த முதல் யந்திரம் ஐம்பது லட்சம் எழுத்துக்களைத்தான் கொண்டது என்றாலும், சுழலும் தகடு, அதன்மேல் நகரும் தலை என்ற அதன் அடிப்படைத் தத்துவம் இன்றுவரை மாறவில்லை. மாறியதெல்லாம் அளவுதான்: நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுழலும் தகட்டின்மேல், சில நானோமீட்டர் உயரத்தில், தூசித் துகளைவிட மிகக் குறைந்த இடைவெளியில் அந்தத் தலை மிதந்துகொண்டிருக்கிறது. இத்தனை நுட்பமான ஏற்பாடு கெட்டுப்போவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இத்தனை காலம் கெடாமல் ஓடுவதுதான் ஆச்சரியம்.

விற்பனைத் தாளில் இந்த நுட்பம் ஒரு பெரிய எண்ணாக உருமாறி நம்மை மயக்குகிறது. பழுதுக்குப் பழுது இடையிலான சராசரிக் காலம் பத்து லட்சம் மணி நேரம் என்று அச்சிட்டிருப்பார்கள். ஆண்டுக்கு 8,760 மணி என்று வகுத்துப் பார்த்தால் 114 வருஷம் வருகிறது. எந்த டிஸ்க்கும் 114 வருஷம் ஓடப்போவதில்லை என்பது அதை அச்சிட்டவருக்கும் தெரியும். ஆயிரம் டிஸ்க்குகளை ஒரு வருஷம் ஓட்டினால் அவற்றில் ஒன்பது போல் பழுதாகலாம் என்பதே அந்த எண்ணின் உண்மையான அர்த்தம். அதுவும் மெய்யா என்று 2007ஆம் ஆண்டில் கார்னகி மெலன் சர்வகலாசாலையைச் சேர்ந்த பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்ஸனும் சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளின் பதிவேடுகளை வைத்துச் சோதித்துப் பார்த்தபோது, உபயோகத்தில் இருந்த டிஸ்க்குகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு வரை மாற்றப்படுவது சகஜமாகவும், சில இடங்களில் பதின்மூன்று வரை போவதாகவும் கண்டார்கள்.

அவர்கள் இந்த முடிவை வெளியிட்ட அதே மாநாட்டில் கூகுள் நிறுவனத்தாரும் தங்கள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளின் சரித்திரத்தை வெளியிட்டார்கள். உஷ்ணம்தான் டிஸ்க்கின் எமன் என்று அதுவரை நிலவிய அபிப்பிராயத்தை அது பாதி தகர்த்தது. மூன்று வயதைத் தாண்டிய டிஸ்க்குகளுக்குத்தான் கடுமையான சூடு ஆகவில்லையே தவிர, இளம் டிஸ்க்குகள் அதை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. டிஸ்க் தன்னைத்தானே பரிசோதித்துக்கொள்ளும் ஸ்மார்ட் என்ற ஏற்பாட்டில் முதல் வாசிப்புப் பிழை பதிவானால், அடுத்த 60 நாளுக்குள் அது சாவதற்கான வாய்ப்பு, பிழை பதிவாகாத டிஸ்க்கைவிட 39 மடங்கு என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். எனக்கு அதில் முக்கியமாகத் தோன்றுவது வேறொரு வரி: செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில், பலமான நான்கு எச்சரிக்கைக் குறிகளில் ஒன்றுகூடப் பதிவாகியிருக்கவில்லை. எச்சரிக்கை வந்தால் அன்றைக்கே டிஸ்க்கை மாற்று. வரவில்லை என்பதற்காக ஏமாந்திராதே என்பதாக நாம் அதை எடுத்துக்கொள்ளலாம்.

பேக்பிளேஸ் என்ற அமெரிக்க ஸ்தாபனம் தன்னிடம் ஓடும் டிஸ்க்குகளின் பழுது விகிதத்தை மாடல் வாரியாகப் பல வருஷங்களாகப் பிரசுரித்து வருகிறது. மோசமான மாடல் இன்னதென்று அறிய அது உதவும். 3 டெராபைட் கொண்ட ஒரு ஸீகேட் மாடல் அந்தப் பட்டியலில் பெற்ற அபகீர்த்தி பிரசித்தமானது. ஆயினும் அதே ஸீகேட்டின் மற்ற மாடல்கள் அதே பட்டியலில் நன்றாக ஓடியிருப்பதால், பிராண்டின் பெயரால் நடக்கும் சண்டையை நான் பொருட்படுத்துவதில்லை. சண்டைக்கு ஆட்களும் குறைந்துவிட்டார்கள்: ஸீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், டோஷிபா என்ற மூன்று பேர்தான் இன்று உலகத்தில் ஹார்ட் டிஸ்க் செய்கிறவர்கள். மேலும், பல ஆயிரம் டிஸ்க்குகள் வைத்திருப்பவருக்குத்தான் சராசரி துணைக்கு வரும். இரண்டே இரண்டு வைத்திருப்பவருக்கு, செத்தால் நூற்றுக்கு ஐம்பது, பிழைத்தால் நூற்றுக்கு நூறு.

பிராண்டைவிட ரகம்தான் கவனிக்கத் தக்கது. மேஜைக் கம்ப்யூட்டருக்கென்று செய்யப்பட்ட ஸீகேட் பாரகுடா டிஸ்க்கின் தாளைப் பார்த்தால், ஆண்டுக்கு 2,400 மணி ஓட்டம், 55 டெராபைட் வேலை என்று போட்டிருக்கும். ஆபீஸ் முழுவதற்கும் பொதுவாகக் கோப்புகளை வைத்துக்கொண்டு இரவும் பகலும் அணையாமல் ஓடும் நாஸ் பெட்டிக்குள் அதைப் போடுவது, பகல் டியூட்டிக்கு வந்தவரை மூன்று ஷிப்டும் நிற்கச் சொல்வதாகும். நாஸ் ரகமான ஸீகேட் ஐயன்வுல்ஃப், வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் பிளஸ், டோஷிபா என்300 ஆகியவை இடைவிடாத ஓட்டத்துக்கென்றே செய்யப்பட்டவை; முதல் இரண்டின் தாளில் ஆண்டு வேலை 180 டெராபைட். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஓரிடத்தில் படிக்க முடியாமல் போனால் மேஜை ரகம் விடாப்பிடியாக வெகுநேரம் முயன்றுகொண்டே இருக்கும். பெட்டியோ, டிஸ்க் பதில் சொல்லவில்லை, செத்துவிட்டது என்று முடிவு கட்டி அதை விலக்கிவிடும். நாஸ் ரகம் ஏழு விநாடியளவில் முயற்சியை நிறுத்திப் பிழையைத் தெரிவித்துவிடுவதால், ஜோடியாயிருக்கும் மற்ற டிஸ்க்கிலிருந்து அந்தத் துண்டை எடுத்துக் காரியம் தொடர்கிறது. சென்னை ரிச்சி தெருவில் சுலபமாகக் கிடைக்கிறதென்று சி.சி.டி.வி.க்கான டிஸ்க்கைச் சிலர் வாங்கிப் போடுகிறார்கள்; காமிராப் படம் விடாமல் எழுதப்படுவதற்கென்று பழக்கப்பட்ட சரக்கு அது, கணக்குக்கு வேண்டாம்.

டிஸ்க்கின்மேல் ஒட்டிய சீட்டையே பிரமாணமாக நம்பலாமா என்றால், 2020ஆம் ஆண்டில் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். தகட்டில் தடங்களைப் பக்கம் பக்கமாக எழுதுவது பழைய முறை. ஒரு தடத்தின் ஓரத்தின்மீது அடுத்த தடம் ஏறும்படி நெருக்கி எழுதி அதிக இடம் சம்பாதிப்பது எஸ்.எம்.ஆர். என்ற புது முறை. புது முறையில் ஒரு தடத்தைத் திருத்த வேண்டுமானால் அதன்மேல் ஏறியிருக்கும் அண்டைத் தடங்களையும் எடுத்துத் திரும்ப எழுத வேண்டியிருப்பதால், தொடர்ந்து எழுதும்போது அது திணறிப்போகிறது. நாஸ் பெட்டிகளுக்கென்றே விளம்பரப்படுத்தப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில், 2 முதல் 6 டெராபைட் வரையிலான டிஸ்க்குகளில் இந்த முறை அறிவிப்பின்றி நுழைந்திருந்தது; செத்த டிஸ்க்குக்குப் பதிலாகப் புதிதைச் செருகியவர்கள், மற்ற டிஸ்க்குகளிலிருந்து விஷயத்தைப் புதிதில் திரும்ப எழுதும் மறுநிர்மாணம் நாட்கணக்கில் இழுப்பதையும், சில இடங்களில் புது டிஸ்க்கையே பெட்டி நிராகரிப்பதையும் கண்டு திகைத்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் கம்பெனி விஷயத்தை ஒப்புக்கொண்டது, பின்பு பழைய முறை டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்று பெயர் சூட்டிப் பிரித்தது, வழக்குகளும் எழுந்தன. ஆகவே மாடல் எண்ணைக் கேட்டு வாங்கி, அது பழைய முறையான சி.எம்.ஆர்.தானா என்று உற்பத்தியாளரின் தாளில் சரிபார்த்த பின்பே பணம் கொடுக்க வேண்டும்.

எத்தனை டெராபைட் வாங்குவது என்பதில், பெரிதாகவே வாங்கிவிடும் சபலம் நம்மவர்களுக்கு உண்டு. டாலி என்ற கணக்கு மென்பொருளின் கோப்புகள் பல வருஷத்தையும் சேர்த்தாலும் சொற்பமான ஜிகாபைட்டுகளே. இடத்தைத் தின்பவை ஸ்கேன் செய்த வவுச்சர்களும் பி.டி.எஃப். கோப்புகளும்தான், அவையும் பத்துப் பேர் ஆபீஸில் 4 டெராபைட்டைத் தொட வெகுகாலமாகும். பெரிய டிஸ்க் வாங்கும் பணத்தில் சின்ன டிஸ்க்குகள் மூன்றோ நான்கோ வாங்கலாம். அந்த மூன்றும் நான்கும் எதற்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன். வேகத்தைப் பற்றியும் கவலை வேண்டாம்: சாதாரண ஜிகாபிட் கம்பி வழியே விநாடிக்கு 110 மெகாபைட் போலத்தான் போகும், அதை ஒற்றை ஹார்ட் டிஸ்க்கே நிரப்பிவிடும்.

நாஸ் என்பது, கம்பி வழியே எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் பொதுவாகக் கோப்புகளை வழங்கும் ஒரு சிறிய சர்வர். ஸினாலஜி, க்யூநாப் என்ற தைவான் கம்பெனிகளின் பெட்டிகள் நம் ஊரில் அதிகம் புழங்குகின்றன. வாங்குமுன், எந்தக் கம்பெனி டிஸ்க்கை ஏற்கும் என்று கேட்டுக்கொள்வது அவசியம். 2025ஆம் ஆண்டில் ஸினாலஜி தன் புதிய பிளஸ் வரிசைப் பெட்டிகளில் தான் அங்கீகரித்த டிஸ்க்குகளைத் தவிர மற்றவற்றுக்குத் தடை போட்டு, வாடிக்கைக்காரர்களின் கண்டனத்துக்குப் பின் அக்டோபரில் அந்தத் தடையைப் பெருமளவு தளர்த்தியது. டிஸ்க்கும் பெட்டியும் ஒருவர் கைக்குள் போவது வாங்குபவருக்கு நன்மையல்ல.

பெட்டிக்குள் டிஸ்க்குகளை இணைக்கும் ரெய்டு என்ற யுக்தியைக் கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையில் பாட்டர்ஸன், கிப்ஸன், காட்ஸ் என்ற மூவர் 1988ஆம் ஆண்டுக் கட்டுரையில் வகுத்தார்கள்; மேலே சொன்ன கிப்ஸனும் இவரே. மலிவான பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று செத்தாலும் விஷயம் சாகாதபடி செய்வது அதன் நோக்கம். அதன் பல வகைகளில் சிறிய காரியாலயத்துக்கு ஏற்றது இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றையே எழுதும் மிரர்தான் என்பது என் முடிவு. மூன்று நான்கு டிஸ்க்கில் பரப்பி எழுதும் ரெய்டு 5 இடத்தை மிச்சப்படுத்தும் என்பது மெய். ஆனால் ஒன்று செத்தபின் மறுநிர்மாணம் முடியும்வரை மற்றவை எல்லாம் முழுக்கப் படிக்கப்பட வேண்டும். 8 டெராபைட் டிஸ்க்குக்குத் தடையின்றி ஓடினாலே பத்துப் பன்னிரண்டு மணி நேரமாகும். அந்த நேரத்தில் இன்னொன்று விழுந்தால் எல்லாம் போயிற்று. ஒரே கடையில், ஒரே தேதியில், ஒரே தொகுதியில் வாங்கிய டிஸ்க்குகள் ஒரே குறையைச் சுமந்து வரக்கூடும் என்பதால், இரண்டையும் வெவ்வேறு கடையில் அல்லது வெவ்வேறு கம்பெனியாகப் பார்த்து வாங்குவது விவேகம்.

மிரர் கைவிடுவது பெரும்பாலும் யந்திரக் கோளாறினால் அல்ல. பெட்டியைப் பொருத்த வந்த பையன் எச்சரிக்கைக் கடிதம் போக வேண்டிய விலாசமாகத் தன்னுடைய மின்னஞ்சலையே கொடுத்துவிட்டுப் போயிருப்பான். பிறகு அவன் வேறு வேலைக்குப் போயிருப்பான். ஒரு டிஸ்க் சாகிறது, பெட்டி கூவுகிறது, டெலிபோனில் பேச முடியவில்லை என்று யாரோ கூவலை நிறுத்திவிடுகிறார்கள், கோப்புகள் திறக்கத்தானே செய்கின்றன என்று ஒற்றை டிஸ்க்கில் மாதக்கணக்காக ஆபீஸ் ஓடுகிறது. இரண்டாவது டிஸ்க்கும் போன பிறகு, ரெய்டு போட்டும் போய்விட்டதே என்று ரெய்டின்மேல் பழி விழுகிறது. முதலாளியின் சொந்த விலாசத்துக்கு எச்சரிக்கை வர வேண்டும். அட்மின் பாஸ்வேர்டும் அவர் வசமே இருக்க வேண்டும்.

இனி, மிரர் இருக்கிறது, ஆகவே பேக்கப் வேண்டாம் என்ற பிரமையைப் பற்றி. ஒரே முதலாளி சொல்லச் சொல்ல இரண்டு குமாஸ்தாக்கள் இரண்டு பேரேட்டில் எழுதினால், ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும் கணக்கு நிற்காது. ஆனால் முதலாளி தவறுதலாக ஒரு பக்கத்தை அடி என்று சொன்னால் இருவரும் ஒரே சமயத்தில் அடித்துவிடுவார்கள். மிரர் செய்வது இதையேதான். தவறாக நீக்கிய கோப்பு இரண்டு டிஸ்க்கிலும் நீங்கும். ரான்சம்வேர் பூட்டிய கோப்பு இரண்டிலும் பூட்டப்படும். 2021 ஏப்ரலில் க்யூலாக்கர் என்ற வைரஸ், இணையத்துக்குத் திறந்துவிடப்பட்டிருந்த க்யூநாப் பெட்டிகளில் நுழைந்து, கோப்புகளைப் பாஸ்வேர்டு போட்டுக் கட்டிவைத்து 0.01 பிட்காயின் கேட்டது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்பது வந்து 0.03 பிட்காயின் கேட்டது. 2021 ஜூனில், வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனி ஆதரவை நிறுத்தி வருஷங்களாகியும் பலர் வைத்திருந்த அதன் மை புக் லைவ் பெட்டிகளைத் தொலைவிலிருந்தே யாரோ துடைத்துவிட்டார்கள். வீட்டிலிருந்து கோப்பு பார்க்கும் சௌகரியத்துக்காக ரௌட்டரில் வாசல் திறந்துவிடும் பழக்கத்தை இன்றோடு நிறுத்திவிடுவது நல்லது, அவசியமானால் வி.பி.என். வழியே வரலாம். ஸ்னாப்ஷாட் என்ற வசதியுள்ள பெட்டியானால், நேற்றைய நிலைக்குத் திரும்பும் உபாயம் கையிலேயே இருக்கும். கூடுதல் விலை கொடுத்தும் அதை வாங்கலாம்.

அந்த உபாயமும் பெட்டி இருக்கும் வரைக்கும்தான். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னையில் அடையாறு கரை புரண்டு ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் தண்ணீரில் நின்றபோது, தரைத்தள ஆபீஸ்களில் மிரரும் ஸ்னாப்ஷாட்டும் ஒருங்கே முழுகின. 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் ஓ.வி.எச். நிறுவனத்தின் சர்வர் கட்டடம் எரிந்தபோது, பேக்கப்புக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்த சிலர், பேக்கப்பும் அதே வளாகத்தில்தான் வைக்கப்பட்டிருந்தது என்பதைச் சாம்பலான பின் அறிந்தார்கள். 2025 செப்டம்பர் 26ஆம் தேதி தென்கொரியாவின் டேஜான் நகரத்தில் அரசாங்க சர்வர் நிலையத்தில் மூண்ட தீ, அரசாங்க ஊழியர்கள் கோப்புகளைப் போட்டுவைத்திருந்த ஜி-டிரைவ் என்ற 858 டெராபைட் களஞ்சியத்தை அடியோடு அழித்தது. அளவு பெரிது என்ற காரணத்தால் அதற்கு வெளியே பிரதி எடுக்கப்பட்டிருக்கவில்லை. மின்தடையிலிருந்து காப்பாற்றுவதற்கென்று வைத்த யு.பி.எஸ். பாட்டரிகளிலிருந்துதான் அந்தத் தீ கிளம்பியது.

மிச்சம் பிடித்த பணத்தில் வாங்கச் சொன்ன அந்த மூன்றாவது, நான்காவது டிஸ்க்குகள் இதற்காகத்தான். யு.எஸ்.பி. உறையில் போட்ட இரண்டு டிஸ்க்குகளை வாரத்துக்கொன்றாக மாற்றி மாற்றி, ஒன்று ஆபீஸில் பிரதி வாங்கிக்கொண்டிருக்கும்போது மற்றது முதலாளியின் வீட்டில், கம்பி பிடுங்கப்பட்டு இருக்கட்டும்; கம்பியில்லாத டிஸ்க்கை எந்த வைரஸும் தொடாது. கட்சிக்காரர்களின் பான் எண்ணும் பாங்குக் கணக்கும் அதில் இருப்பதால், என்கிரிப்ட் செய்யாமல் அது வாசற்படியைத் தாண்டக்கூடாது. தினசரிப் பிரதிக்கு க்ளவுட் வேண்டும். கம்பெனிகள் மின்னணுக் கணக்கின் பேக்கப்பை இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினந்தோறும் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதியும் திருத்தப்பட்டிருக்கிறது. கட்சிக்காரருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கும் ஆடிட்டர் தன் ஆபீஸில் அதைக் கடைப்பிடிக்காமலிருப்பது அழகல்ல. டாலியில் வேலை நடந்துகொண்டிருக்கும்போது கோப்புறையை அப்படியே நகலெடுப்பதைவிட, எல்லோரும் வெளியேறிய பின் டாலியின் சொந்த பேக்கப்பை எடுப்பதே பத்திரம்.

மின்சாரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. விளக்குக்கும் மின்விசிறிக்கும் போட்ட இன்வர்ட்டர் மாறும் அந்தக் கண நேரத்தில் பெட்டி அணைந்துவிடலாம்; எழுதிக்கொண்டிருக்கும்போது அணைவதைப்போல் கோப்புகளுக்குக் கெடுதல் வேறில்லை. பெட்டிக்கென்று ஒரு சிறிய யு.பி.எஸ். வைத்து, அதன் யு.எஸ்.பி. கம்பியைப் பெட்டியில் செருகிவிட்டால், பாட்டரி தீரும் முன் பெட்டி தானே ஒழுங்காகப் படுத்துக்கொள்ளும். அந்தக் கம்பியைப் பெரும்பாலோர் அட்டைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

டிஸ்க் வாங்கும்போது பில் இல்லாத மலிவை நாடவேண்டாம். 2025 ஜனவரியில் ஜெர்மனியில் அம்பலமான ஒரு விவகாரத்தில், பல்லாயிரம் மணி நேரம் ஓடித் தேய்ந்த ஸீகேட் டிஸ்க்குகள் ஓட்டக் கணக்கு பூஜ்யமாக்கப்பட்டுப் புதியவையாக விற்கப்பட்டிருந்தன; சியா என்ற டிஜிட்டல் நாணயத்தை உண்டாக்கும் வேலையில் உழைத்துக் கழிந்தவை அவற்றில் பல என்று சொல்லப்பட்டது. வாங்கிய அன்றைக்கே வரிசை எண்ணை உற்பத்தியாளரின் தளத்தில் கொடுத்து, வாரண்டி இந்தியாவில் செல்லுமா, எந்தத் தேதி வரை என்று பார்த்துவிட வேண்டும். வாரண்டியில் கிடைப்பது இன்னொரு டிஸ்க்தான். அதிலிருந்த கணக்கு கிடைக்காது.

பத்துப் பேர் ஆபீஸுக்கு என் தீர்ப்பு இது: இரண்டு டிஸ்க் கொள்ளும், ஸ்னாப்ஷாட் வசதியுள்ள பெட்டி ஒன்று, அதில் 4 டெராபைட் சி.எம்.ஆர். நாஸ் டிஸ்க்குகள் இரண்டு, மிரராக, வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நடக்கும் டிஸ்க்குகள் இரண்டு, ஒரு யு.பி.எஸ்.; ஒரு க்ளவுட் கணக்கு. பணம் போதாதென்றால் பெட்டியின் தரத்தைக் குறையுங்கள், வெளியே போகும் டிஸ்க்கைக் குறைக்காதீர்கள். ஐந்து வருஷம் முடிந்த டிஸ்க்கை, ஓடுகிறதே என்று விட்டுவைக்காமல் மாற்றுங்கள். எல்லாம் அமைந்த பிறகு, மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு கட்சிக்காரரின் கோப்பை, நாஸ் பெட்டியைத் தொடாமல், வெளியிலுள்ள பிரதியிலிருந்து மட்டும் எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். வரித் தணிக்கைக் கெடுவான செப்டம்பர் 30 நெருங்கி, ரிப்போர்ட்டுகள் குவிந்த பின் செய்வதற்கில்லை. இந்த வாரமே செய்துவிடுங்கள்.